நாள் தெரிய வேண்டுமா, நாள் தள்ள வேண்டுமா? மாதவிலக்குத் தேதியை மாற்றும் மாத்திரைகள்: ஓர் ஒப்பீடு

அரசு இலவசமாகத் தரும் கருத்தடை மாத்திரையான மாலா-என் அட்டையின் 21-ஆவது ஹார்மோன் மாத்திரையைத் திங்கட்கிழமை இரவு போட்டால், புதனிலிருந்து வெள்ளிக்குள் ரத்தம் வரும். அடுத்த மாதமும் அதே கிழமைகளில்தான். தேதியைச் சொல்வது அட்டை, உடம்பு இல்லை. மாத்திரை எடுக்காத பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவந்து ஏறக்குறைய 14 நாள் கழித்து மாதவிலக்கு வருகிறது. மாலா-என் போல இரண்டு ஹார்மோன் சேர்ந்த கூட்டு மாத்திரை எடுப்பவருக்கு முட்டை வெளிவருவதே நிற்கிறது. வெளியிலிருந்து வந்த ஹார்மோன் திடீரென்று நின்றதும், அதுவரை அது தாங்கிப் பிடித்திருந்த கருப்பையின் மெல்லிய உள்தோல் உதிர்கிறது. அந்த ரத்தத்தை மாதவிலக்கு என்றே அழைக்கிறோம், ஆனாலும் அது ஹார்மோன் விலகியதால் வரும் ரத்தம்.

இந்த ஒன்று புரிந்துவிட்டால் எந்த மாத்திரை யாருக்கு என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இந்தக் கேள்வி பெரும்பாலும் இரண்டு வடிவத்தில் வருகிறது. முதலாவது, குழந்தை இப்போது வேண்டாம், எந்த மாத்திரை எடுத்தால் நாள் ஒழுங்காக வரும் என்பது. இரண்டாவது, வீட்டில் கல்யாணம், குடியாத்தம் கங்கையம்மன் சிரசு, திருவண்ணாமலை தீபம், ஹஜ் பயணம் என்று ஏதோ ஒன்று வருகிறது, அந்த நாளில் "தூரம்" ஆகாமல் இருக்க என்ன போடலாம் என்பது. இரண்டுக்கும் மருந்து வேறு, எடுக்கும் முறை வேறு, ஏமாற்றும் இடமும் வேறு. மருந்துக் கடையில் "நாள் தள்ளுற மாத்திரை", "குடும்பக் கட்டுப்பாடு மாத்திரை" என்று ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கேட்பதில்தான் பெரும்பாலான தவறு ஆரம்பிக்கிறது.

தேதி தெரிந்தே ஆக வேண்டும் என்பவருக்கு: கூட்டு மாத்திரை

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை இருக்கும். 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. ஒவ்வொரு ஹார்மோன் மாத்திரையிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராம். கடையில் விற்கும் ஓவ்ரல்-எல் மாத்திரையிலும் இதே இரண்டு மருந்து, இதே அளவு. அதில் இரும்புச்சத்து மாத்திரை கிடையாது. 21 முடிந்ததும் 7 நாள் சும்மா இருந்துவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். விலை கூடினால் மருந்தும் உசத்தி என்று நினைத்து இலவச அட்டையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர் முதலில் இதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாதவிலக்கு தொடங்கிய 5 நாளுக்குள் முதல் மாத்திரை போட்டால் அன்றிலிருந்தே கருத்தடைப் பாதுகாப்பு உண்டு. கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் வேறு எந்த நாளிலும் தொடங்கலாம், ஆனால் முதல் 7 நாள் ஆணுறையும் வேண்டும். அப்படி நடுவில் தொடங்கினால் அந்த மாதக் கணக்கு மாறும். வழக்கமான தேதியில் ரத்தம் வராது, அட்டை முடிந்த பிறகுதான் வரும். அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ரத்தம் வந்துவிடும், பாதுகாப்பும் போய்விடும்.

முதல் மூன்று மாதம் அட்டையின் நடுவில் பொட்டுப் பொட்டாகக் கசிவு வரலாம். உள்தோல் புதிய ஹார்மோன் அளவுக்குப் பழகும் காலம் அது. மாத்திரையை நிறுத்த வேண்டாம், இரண்டாகவும் போட வேண்டாம். எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.02 மில்லிகிராம் மட்டும் உள்ள குறைந்த அளவு மாத்திரைகளில் இந்தக் கசிவு 0.03 உள்ளவற்றைவிடக் கூடுதலாக வரும். குமட்டல் தாங்காதவருக்கு 0.02 நல்லது, ஆனால் "தேதி சுத்தமாக இருக்க வேண்டும்" என்பதே முதல் தேவை என்றால் 0.03 பொருத்தம். மூன்று மாதம் தாண்டியும் கசிவு நிற்கவில்லை என்றாலோ, உடலுறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ மாத்திரையைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் கருப்பை வாயைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

தேதி குழம்புவதற்கு முதல் காரணம் மறதி. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். காலையில் மாத்திரை என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு நாளாவது விட்டுப்போகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் குமட்டல் தூக்கத்தில் கழிந்துவிடும், மறந்தாலும் மறுநாள் காலையில் நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்று அல்லது இரண்டு ஹார்மோன் மாத்திரை விட்டுப்போனால், நினைவு வந்த உடனே ஒன்று. அடுத்ததை வழக்கமான நேரத்தில். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. மூன்று அல்லது அதற்கு மேல் விட்டுப்போனால் உடனே ஒன்று போட்டுத் தொடர வேண்டும், 7 நாள் ஆணுறை வேண்டும். இது அட்டையின் மூன்றாவது வாரத்தில் நடந்தால், மிச்சமுள்ள ஹார்மோன் மாத்திரைகளை முடித்துவிட்டு, 7 இரும்பு மாத்திரைகளைத் தூக்கிப் போட்டு, மறுநாளே புதிய அட்டையைத் தொடங்க வேண்டும். அந்த மாதம் ரத்தம் வராமல் போகலாம். இரும்பு மாத்திரை விட்டுப்போனால் கருத்தடைக்கு ஒன்றும் ஆகாது. மாத்திரை போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான மறதி அட்டையின் நடுவில் நடப்பதில்லை, தொடக்கத்தில் நடக்கிறது. 7 நாள் ஹார்மோன் இல்லாத இடைவெளியில் சினைப்பை மெல்ல விழித்து ஒரு முட்டையை வளர்க்க ஆரம்பிக்கும். 8-ஆம் நாள் புதிய அட்டையின் முதல் மாத்திரை அதை மறுபடி அமர்த்துகிறது. ஊருக்குப் போன இடத்தில் அட்டை இல்லை, நர்ஸம்மா லீவு, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த இடைவெளி 10 நாள் ஆனால் முட்டை வெளியேறப் போதிய அவகாசம் கிடைத்துவிடும். ஆகவே ஹார்மோன் இல்லாத நாட்கள் 7-க்குக் குறையலாம், ஒருபோதும் 7-க்கு மேல் போகக் கூடாது. கையில் எப்போதும் ஓர் அட்டை கூடுதலாக இருக்கட்டும்.

இதே விதியை வைத்துத் தேதியையும் நகர்த்தலாம். ரத்தம் வெள்ளிக்கிழமையில் விழுவது பிடிக்கவில்லை, செவ்வாயில் விழ வேண்டும் என்றால், ஒரு மாதம் இடைவெளியை 7-க்குப் பதில் 4 நாளாகக் குறைத்து அடுத்த அட்டையைத் தொடங்கினால் போதும், 3 நாள் முன்னே வந்துவிடும். விழாவைத் தாண்ட வேண்டும் என்றால் இன்னும் எளிது. இரும்பு மாத்திரைகளைத் தொடாமல் அடுத்த அட்டையின் ஹார்மோன் மாத்திரைக்கு நேராகப் போய்விடலாம். ஏற்கெனவே மாலா-என் எடுத்துக்கொண்டிருக்கும் பெண் திருவிழாவுக்காகத் தனியாக எந்த மாத்திரையும் வாங்க வேண்டியதில்லை. இது தெரியாமல், கருத்தடை மாத்திரையின் மேலேயே நாள் தள்ளும் மாத்திரையையும் வாங்கி இரண்டையும் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாத ஹார்மோன் சுமை.

"மாசா மாசம் போகலைன்னா கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடாதா?" என்று மாமியாரோ அம்மாவோ கேட்பார்கள். தங்காது. கூட்டு மாத்திரை எடுக்கும்போது கருப்பை உள்தோல் தடிப்பதே இல்லை, தேங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. 1960-ல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரை அனுமதி பெற்றபோதே மாதம் ஒரு முறை ரத்தம் வரும்படி இடைவெளி வைத்தார்கள். இயற்கையான மாதவிலக்கைப் போலத் தோன்றட்டும் என்பது அதன் நோக்கம். இங்கிலாந்தின் பாலியல், இனப்பெருக்க நல மருத்துவர்கள் அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அந்த 7 நாள் இடைவெளியால் உடலுக்குத் தனி நன்மை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து எடுத்தால் வரும் தொல்லை ஒன்றுதான், இடையில் எதிர்பாராமல் கசிவு. 21 நாளாவது தொடர்ந்து எடுத்தபின் கசிவு நிற்காமல் இருந்தால், 4 நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் அடங்கும்.

இனி, யார் இதைத் தொடவே கூடாது என்பது. ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், பக்கவாதம், இதய நோய், மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் கீற்றுகள் தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை இதை எடுக்கக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிடோன் எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரையின் சத்து கல்லீரலிலேயே வேகமாகக் கரைந்துவிடும். கசிவும் வரும், கருவும் தங்கலாம். சளிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் அப்படி ஆவதில்லை.

தினமும் முடியாது என்பவருக்கு: சாயா

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமான், 30 மில்லிகிராம் கருத்தடை மாத்திரை. 1991-ல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. பிறகு அரசுத் திட்டத்தில் சாயா என்ற பெயரில் இலவசமாகச் சேர்ந்தது. இதில் ஹார்மோன் கிடையாது. அதனால் தலைசுற்றல், குமட்டல் கிட்டத்தட்ட இல்லை, பால் கொடுப்பவரும் எடுக்கலாம்.

மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்க வேண்டும். முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று. முதல் மாத்திரை ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிறும் புதனும். திங்கள் என்றால் திங்களும் வியாழனும். வெள்ளி என்றால் வெள்ளியும் திங்களும். நான்காம் மாதத்திலிருந்து முதல் மாத்திரை போட்ட அந்தக் கிழமையில் மட்டும். நடுவில் மாதவிலக்கு வந்தாலும் வராவிட்டாலும் கிழமை மாறாது. காலண்டரில் அந்தக் கிழமைகளைச் சுழித்து வைத்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

தேதிக்கணக்கில் இதன் குணம் கூட்டு மாத்திரைக்கு நேர் எதிர். சில பெண்களுக்கு, குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், நாள் தள்ளிப்போகும். ரத்தப்போக்கும் குறையும். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் மனதுக்குப் பெரிய தொல்லை. 35 நாள், 40 நாள் ஆகும்போது கர்ப்பமோ என்ற பயம் வரும். எதிர்பார்த்த தேதியிலிருந்து 15 நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும். மாத்திரை விட்டுப்போனால் நினைவு வந்த உடனே போட்டு, அடுத்த மாதவிலக்கு வரும்வரை ஆணுறை சேர்த்துக்கொள்ள வேண்டும். 7 நாளுக்கு மேல் விட்டுப்போனால் முதலிலிருந்து, அதாவது வாரம் இரண்டு என்ற கணக்கில் 3 மாதம். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும், அண்மையில் மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கும், காசநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

தினமும் நினைவு வைக்க முடியாதவருக்குச் சாயா நல்ல மருந்து என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் "இந்தத் தேதியில் வர வேண்டும், அந்தத் தேதியில் வரக் கூடாது" என்ற தேவை உள்ளவருக்கு இதைக் கொடுப்பது தவறான தேர்வு. சாயாவை நிறுத்தியோ கூட்டியோ தேதியை நகர்த்தவும் முடியாது.

மாதவிலக்கையே பெரிதாகப் பொருட்படுத்தாதவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்கலாம். டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் மட்டும் உள்ள ஒற்றை ஹார்மோன் மாத்திரை ஒன்று. இடைவெளியே இல்லாமல் 28 நாளும் எடுக்க வேண்டும், 12 மணி நேரத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது. எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டிச் சொல்லி வாங்க வேண்டியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி மற்றது. இரண்டிலும் சிலருக்கு ரத்தம் அடியோடு நிற்கும், சிலருக்கு ஒழுங்கில்லாமல் வந்துகொண்டே இருக்கும். யாருக்கு எப்படி என்பதை முன்பே சொல்ல முடியாது. ஊசியைப் போட்டுவிட்டால் அதன் வேலையைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க 7 முதல் 10 மாதம்வரை ஆகலாம்.

ஒரே ஒரு விழாவுக்காக: நார்எதிஸ்டிரோன்

"நாள் தள்ளுற மாத்திரை" என்று கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பே தொடக்கம். நிறுத்திய 2 அல்லது 3 நாளில் ரத்தம் வரும். 10 நாள், மிஞ்சினால் 14 நாளுக்கு மேல் இப்படி எடுக்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வைகாசி முதல் நாள் குடியாத்தம் சிரசு திருவிழா, மே 15 என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு மே 14-ல் வர வேண்டும். மே 11 காலையிலிருந்து தொடங்கி, மே 16 இரவுவரை எடுத்தால் 6 நாள், 18 மாத்திரை. 10 மாத்திரை உள்ள அட்டை இரண்டு வாங்கினால் போதும். 18, 19 தேதிகளில் ரத்தம் வந்துவிடும். மாதவிலக்கு முன்பின் இரண்டு நாள் ஆடும் பெண் என்றால் மே 11-க்குக் காத்திருக்காமல் 9-ஆம் தேதியே தொடங்குவது நல்லது, அப்போது 24 மாத்திரை. 25 நாளில் ஒரு மாதம், 40 நாளில் ஒரு மாதம் என்று வருபவருக்கு இந்தக் கணக்கே உதவாது. எந்தத் தேதிக்கு 3 நாள் முன்பு என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்குக் கூட்டு மாத்திரையை ஒரு மாதம் முன்பே தொடங்குவதுதான் நிச்சயமான வழி.

கெட்டுப்போகும் இடங்கள் நான்கு. தாமதம் முதலாவது. அடிவயிறு வலிக்க ஆரம்பித்த பிறகு, பொட்டு தெரிந்த பிறகு கடைக்கு ஓடுவது. உதிரத் தொடங்கிவிட்ட உள்தோலை மாத்திரை திரும்ப ஒட்டவைக்காது. இரண்டாவது, வேளை தவறுவது. இந்த மருந்து உடம்பில் நெடுநேரம் நிற்பதில்லை. அதனால்தான் மூன்று வேளை. "ஒண்ணு போட்டேன், அதுவே போதும்னு விட்டுட்டேன்" என்று சொல்பவருக்கு விழா அன்றே கசிவு வரும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று 8 மணி நேரமாகப் பிரித்துக்கொண்டால் தவறாது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். நடையின் நடுவே இரவு மாத்திரை நேரம் வந்துவிடும் என்பதால் அட்டை இடுப்புப் பையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது தவறுதான் வாழ்க்கையை மாற்றிவிடக் கூடியது. இந்த மாத்திரையை இப்படி எடுக்கும்போது இது கருத்தடை இல்லை. தேதிக்கு 3 நாள் முன்பு தொடங்கும்போது அந்த மாத முட்டை எப்போதோ வெளிவந்துவிட்டது. கரு ஏற்கெனவே தங்கியிருந்தால், மாத்திரையால் நாள் தள்ளியது என்று நினைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓடிவிடும். நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் ரத்தம் வரவில்லை என்றால் அடுத்த வேலை சிறுநீர்ப் பரிசோதனை. தொடங்குவதற்கு முன்பே சந்தேகம் இருந்தாலும் அதேதான்.

நான்காவது, "இது சும்மா நாள் தள்ளுறதுதானே" என்ற அலட்சியம். நார்எதிஸ்டிரோனின் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலாக மாறுகிறது. அதாவது 15 மில்லிகிராம் எடுப்பவருக்குக் கூட்டு மாத்திரையின் ரத்த உறைவு ஆபத்து கொஞ்சம் வந்து சேர்கிறது. கால் ரத்தக்குழாயில் உறைவு வந்தவருக்கும், பக்கவாதம் வந்தவருக்கும் அண்ணனையோ கணவரையோ அனுப்பிக் கடையில் வாங்கிவரச் சொல்வது சரியில்லை. டாக்டர் சீட்டின் பேரில் தர வேண்டிய மருந்து இது. உறைவு ஆபத்து உள்ளவருக்கு டாக்டர் மெட்ராக்சிபுரோஜெஸ்டரோன் போன்ற வேறொன்றைத் தரக்கூடும். வயிறு உப்பசம், மார்பு கனம், தலைவலி, எரிச்சல் ஆகியவை பலருக்கும் வரும், நிறுத்தியதும் போய்விடும். தள்ளிவந்த மாதவிலக்கு கொஞ்சம் கூடுதலாகப் போகலாம்.

வருடத்துக்கு ஒரு முறை, ஆரோக்கியமான பெண், தேதி ஒழுங்காக வருபவர் என்றால் நார்எதிஸ்டிரோன் எளிமையான வழி. ஆடி வெள்ளி ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொரு சொந்தக்காரர் விசேஷத்துக்கும் என்று எடுப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். வயதுக்கு வந்து ஓரிரு வருடமே ஆன பெண்பிள்ளைக்கு அம்மாவே கடையில் வாங்கிக் கொடுப்பதையும் ஆதரிக்க மாட்டோம். அந்த வயதில் சுழற்சியே இன்னும் நிலைப்பட்டிருக்காது.

வெறும் வயிற்றில் பொட்டுக்கடலை மென்றால் தள்ளிப்போகும், பப்பாளியும் எள்ளும் வெல்லமும் தின்றால் முந்திவரும் என்பார்கள். சாப்பிட்டால் கெடுதல் இல்லை. தேதி அதனால் மாறும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. அவசரக் கருத்தடை மாத்திரையைத் தேதி மாற்றப் பயன்படுத்துவது மட்டும் உண்மையிலேயே தவறு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் ஒரே மாத்திரை, பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுப்பதற்கானது. அது மாதவிலக்கை ஒரு வாரம் முன்னேயோ பின்னேயோ தள்ளக்கூடும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நாற்பது நாள் பயணம் என்றால்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகும் பெண்களின் கேள்வி வேறு வகை. ஏறக்குறைய 40 நாள் பயணம். 14 நாளுக்கு மேல் கூடாத மூன்று வேளை நார்எதிஸ்டிரோன் இங்கே கட்டுப்படியாகாது. உடல்நிலை இடம் கொடுக்கும் பெண்ணுக்குக் கூட்டு மாத்திரையை இடைவெளி இல்லாமல் தொடர்வதே பொருத்தம். 42 நாளுக்கு இரண்டு அட்டை, கசிவு, தாமதம் என்று எதுவும் வந்தால் சமாளிக்க மூன்றாவது அட்டை.

ஆனால் புறப்படும் வாரத்தில் தொடங்கக் கூடாது. இதற்கு ஓர் ஒத்திகை வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கி, முதல் அட்டையை வழக்கம்போல இடைவெளியோடு முடித்துப் பார்த்தால் குமட்டல், தலைவலி, ரத்த அழுத்த ஏற்றம், கசிவு எல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும். மாத்திரை ஒத்துவராவிட்டால் மாற்றவும் நேரம் இருக்கும். அங்கே போய்க் கசிவு வந்து, 4 நாள் நிறுத்தவும் வழியில்லாமல் தவிப்பதைவிட இது மேல். கசிவை மார்க்கச் சட்டம் எப்படிக் கொள்கிறது என்பதைப் புறப்படும் முன்பே ஓர் ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது.

சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். வீட்டில் இரவு 9 மணிக்கு எடுத்தவர் அங்கே மாலை 6.30-க்கு எடுத்தால் பழைய கணக்கே தொடரும். கூட்டு மாத்திரைக்கு இரண்டரை மணி வித்தியாசம் பெரிய விஷயம் இல்லை என்பதால் அங்கே இரவு 9-க்கு மாற்றிக்கொண்டாலும் தவறில்லை. அட்டைகளை விமானத்தில் கைப்பையில் வைக்க வேண்டும், பெட்டி தாமதமானால் மாத்திரையும் தாமதமாகும். விமானத்தில் எழுந்து நடப்பதும், வெயிலில் தண்ணீர் குறையாமல் குடிப்பதும் ரத்த உறைவைத் தடுக்க மிக அவசியம்.

ஹஜ்ஜுக்குப் போகும் பெண்களில் பலர் 40 வயதைத் தாண்டியவர்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். அவர்களுக்குக் கூட்டு மாத்திரை சரிவராது. மகப்பேறு டாக்டரைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பார்க்க வேண்டும், ஒற்றை ஹார்மோன் வழிகளை முயன்று பார்க்க அந்த அவகாசம் தேவைப்படும். மாத்திரை எடுக்கும் யாருக்கானாலும் ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்கல், கண் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊரில் என்றால் 108.

"மாத்திரை போட்டா ஒழுங்கா வருது, விட்டா நிக்குது"

நீர்க்கட்டிக்காகக் கூட்டு மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்ட பெண்கள் சொல்வது இது. மாத்திரை எடுக்கும் மாதங்களில் 28 நாளுக்கு ஒரு முறை வருவது அட்டையின் ஒழுங்கு. நீர்க்கட்டி தீர்ந்துவிட்டது என்பதற்கு அது சான்று இல்லை, நிறுத்தினால் பழைய ஒழுங்கின்மை திரும்புவது மருந்தின் தோல்வியும் இல்லை. மருந்து எதுவும் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் ரத்தமே வராமல் இருந்தால்தான் உள்தோல் தடித்துக்கொண்டே போகும். அப்போது டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அட்டையைச் சரியாக முடித்தும் ஒரு மாதம் ரத்தம் வராவிட்டால், அடுத்த அட்டையைத் தொடங்கிவிடலாம். ஒன்றிரண்டு மாத்திரை விட்டுப்போன மாதம் என்றாலோ, தொடர்ந்து இரண்டு மாதம் வராவிட்டாலோ பரிசோதனை செய்ய வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடமே அதற்கான பட்டை கிடைக்கும். குழந்தை வேண்டும் என்று மாத்திரையை அடியோடு நிறுத்துபவருக்குச் சொந்த மாதவிலக்கு பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் திரும்பும். மூன்று மாதம் ஆகியும் வராவிட்டால் காரணம் தேட வேண்டும். முதல் மாதவிலக்கு வரும் முன்பே முட்டை வெளிவந்துவிடும் என்பதால், நிறுத்திய முதல் மாதத்திலேயே கரு தங்கவும் கூடும்.

கேட்கப் போகும்போது

வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ, ஊர் ஆரம்ப சுகாதார நிலையமோ, தனியார் டாக்டரோ, போகும்போது ஒரு சீட்டில் இவற்றை எழுதிக்கொண்டு போனால் பத்து நிமிடப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். கடைசி மூன்று மாதவிலக்கின் முதல் நாள் தேதி. இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயர், வலிப்பு மாத்திரையும் காசநோய் மாத்திரையும் உட்பட. பால் கொடுக்கிறீர்களா, குழந்தைக்கு எத்தனை மாதம். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் பக்கவாதமோ ரத்த உறைவோ வந்ததா. எந்தத் தேதியில் ரத்தம் வரக் கூடாது. அங்கேயே ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் கூட்டு மாத்திரை வாங்கிவர வேண்டாம். நேரில் கேட்கக் கூச்சம் என்றால் முதல் கேள்வியை அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

மாதவிலக்கு வர வேண்டிய தேதிக்கு 3 நாளுக்கும் குறைவாகவே இருந்தால் எந்த மாத்திரையும் வாங்க வேண்டாம். அந்த மாதம் வரட்டும். வலியும் போக்கும் அதிகம் என்றால், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இல்லாதவருக்கு மெஃபெனமிக் அமிலத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை, எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு எடுக்கலாம். அது வலியையும் குறைக்கும், போக்கையும் ஓரளவு குறைக்கும்.